திரும்பி வராத சீல்கள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று என் கணவர் முஜீப் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அந்தக் கோபம் ஒன்றுதான் எனக்கு மிச்சம். மற்றதெல்லாம் மரத்துவிட்டது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு, உதடு இருக்கிறதா இல்லையா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி என்னை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கடை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில். முஜீப்பின் வாப்பா வாங்கிப் போட்ட இடம், வாடகை கிடையாது. மோட்டார் பம்புக்கான சீல் விற்கிறோம். பம்பு ஓடும்போது தண்ணீர் மோட்டாருக்குள் கசியாமல் தடுக்கிற சாமான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கினால் பம்பு வெறுமனே ஓடி, சீல் கருகிப்போகும். அதனால் பிப்ரவரியிலிருந்து மே வரை எங்களுக்குச் சீசன். சூலூர், இருகூர், கருமத்தம்பட்டி என்று பல ஊரிலிருந்து பம்பு ஃபிட்டர்கள் வருவார்கள். வந்தவர்கள் முஜீப்புடன் அரை மணி நேரம் அரட்டை அடிக்காமல் போனதில்லை.

போன பிப்ரவரி இருபதாம் தேதி, சீசன் சரக்கு வந்து இறங்கிய மறுநாள், கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அழவில்லை. ஜனாஸாவைத் தூக்கும்போதும் அழவில்லை. அழு, அழுதுவிடு என்று பெண்கள் என் முதுகைத் தடவினார்கள். அவர்கள் கை பட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நான்கு மாதம் பத்து நாள் இத்தா. கணவனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்க வேண்டிய நாட்கள். கரும்புக்கடை ஏரியாவில் எங்கள் வீட்டின் உள் அறையில் இருந்தேன். ஒரு நோன்பும் இரண்டு பெருநாளும் வந்து போயின. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, அறைக்குள் ஓடி வந்து தொந்தரவு செய்வதற்கு. அந்த நாட்களில் எனக்கு நினைவிருப்பது எதிர்ச் சுவரில் காலண்டர் இல்லாமல் நின்ற ஓர் ஆணி மட்டும்.

அந்தக் காலம் முழுக்கக் கடைச் சாவி எதிர்க்கடை லட்சுமிநாராயணன் அண்ணனிடம் இருந்தது. அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற செம்புக் கம்பி விற்பவர். எங்கள் கடைக்கு ஆள் வந்தால் அவர் எழுந்து வந்து திறந்து, கேட்டதை எடுத்துக் கொடுத்து, நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார். சனிக்கிழமை தோறும் என் கொழுந்தன் அஃப்தாப் போய் வசூலை வாங்கி வந்து வீட்டில் கொடுப்பான். ஜூலை ஒன்றாம் தேதி நான் வந்து ஷட்டரைத் தூக்கியபோது அலமாரி ஏறக்குறையக் காலியாக இருந்தது. அண்ணன் நன்றாகத்தான் விற்றிருக்கிறார் என்று நினைத்தேன். கம்பெனியில் கொஞ்சம் சரக்கு வாங்கி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்த ஜனவரி நடுவில் அந்தக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் சீசன் ஆர்டரை ஃபோனில் சொல்ல முடியாது, அவர்கள் தரும் சாஃப்ட்வேர் வழியாகத்தான் போட வேண்டும். பழைய விற்பனையைக் கொடுத்தால், வரப்போகிற மாதங்களில் எவ்வளவு விற்கும் என்று அது கணித்துச் சொல்லும். அதன்படி ஆர்டர். ஜனவரி முப்பத்தொன்று மாலை ஐந்து மணி கடைசி. மாதம் ஐம்பது சீலுக்குக் குறைந்தால் டீலராக வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மொபைல் கவர் விற்கிற கடைக்காரர்கள் வேறு அந்த இடத்தை வாடகைக்குக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவிட்டு வீட்டில் நிம்மதியாக இரு என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

"நடத்துங்கண்ணி. நாங்கெல்லாம் இருக்கோமில்ல?" என்றான் அஃப்தாப். உக்கடத்தில் வண்டிக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறான். அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன்.

"நீங்கெல்லாம் இருக்கறதுதான் பிரச்சனையே," என்றேன். "பாவம் பாத்து எனக்கு யாரும் கடை நடத்தித் தர வேண்டாம். அந்த சாஃப்ட்வேர் மாசம் அம்பதுன்னு சொல்லுச்சுன்னா நடத்தறேன். நாப்பத்தொம்பதுன்னு சொன்னாலும் சாவி மொபைல் கவர்க்காரங்களுக்கு. அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். எனக்கும் ஒரு வேலை முடிந்தது போல் இருந்தது. கடை வேண்டுமா என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. வேறு எது தீர்மானித்தாலும் சரி, இரக்கம் மட்டும் தீர்மானிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சாஃப்ட்வேரைச் சொல்லிக் கொடுக்கக் கம்பெனி சார்பில் பீளமேட்டிலிருந்து ஹர்ஷா வந்தாள். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கணவர் எப்படி இறந்தார் என்று கேட்காமல், "பில்லெல்லாம் எதுல இருக்குதுங்க்கா?" என்று கேட்டாள். அதனாலேயே அவளைப் பிடித்துவிட்டது.

முஜீப் போட்ட பில்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. அண்ணன் எழுதிய நோட்டை நான் ஜூலையிலேயே பக்கம் பக்கமாக அதில் ஏற்றியிருந்தேன். விரல் பாட்டுக்குத் தட்டியது, கண் எதையும் கவனிக்கவில்லை. புதுச் சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்க நான்கு நாள் பிடித்தது. முதல் நாளே தேதியையும் மாதத்தையும் இடம் மாற்றிப் போட்டுத் தொலைத்தேன். அடைமழை கொட்டுகிற நவம்பரில் நாங்கள் ஒரு லோடு சீல் விற்றதாக அது காட்டியது. ஹர்ஷா ஃபோனிலேயே சிரித்துவிட்டு, எப்படி மாற்றுவது என்று சொன்னாள். ஆங்கிலம் வேண்டாமென்றால் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றிக் கொடுத்தாள். அந்தத் தமிழ் தாலுகா ஆபீஸ் கடிதம் போல இருந்தாலும் புரிந்தது.

இரண்டாம் முறை வந்தபோது கோட்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். நீலக் கோடு நடந்து முடிந்தது. அதற்குப் பிறகு புள்ளி புள்ளியாகப் போவது நடக்கப்போவது. புள்ளிகளுக்கு மேலும் கீழும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் விரிந்துகொண்டே போனது.

"இது என்ன ஹர்ஷா, அழுக்கு மாதிரி?"

"சொன்னது தப்பாப் போனா எவ்வளவு தூரம் தப்பாப் போகும்னு அதுவே சொல்லிக்குதுங்க்கா."

தப்பாகப் போகலாம் என்று முன்னாலேயே ஒத்துக்கொள்கிற ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். மனிதர்கள் எல்லாரும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தாள். வெள்ளம், கடையடைப்பு என்று வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்திருந்தால், அந்த நாட்களை மட்டும் குறித்து 'கணக்கில் சேர்க்காதே' என்று கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமும் அது நடக்கும் என்று சாஃப்ட்வேர் நம்பிவிடும். "உங்களுக்கு அப்படி எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். கடைதான் நாலு மாதமும் ஓடியிருக்கிறதே, அதனால் இல்லை என்றேன்.

முதல் கணிப்பு வந்தது. மாதம் ஐம்பத்தெட்டு.

அஃப்தாப்புக்கு ஃபோனில் சொன்னேன். அரை மணி நேரத்தில் அல்வாப் பொட்டலத்தோடு வந்து நின்றான். தெருவில் நாலு கடைக்குக் கொடுத்தான். லட்சுமிநாராயணன் அண்ணன் அல்வாவை வாங்கிக்கொண்டு, என்னவோ சொல்ல வந்தவர் போல நின்று, பிறகு "சந்தோசமுங்கம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷம் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு அலமாரியைத் துடைத்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் ஹர்ஷா கூப்பிட்டாள். "அந்த அம்பத்தெட்டையும் சைஸ் வாரியாப் பிரிச்சு ஒருக்காப் பாத்துட்டு ஓகே குடுத்துருங்க்கா. அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டாமுங்க."

பிரித்துப் பார்த்தேன். ஒன்றரை இன்ச் சீல் மாதம் பதினொன்று தேவைப்படும் என்றது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஒன்றரை இன்ச் என்பது பெரிய பெரிய பம்புக்குப் போடுவது. முஜீப் இருந்தபோது வருடத்துக்கு நாலு விற்றால் அதிகம். அந்த டப்பாக்களைத் தூசி தட்டுவது என் வேலை, எனக்குத் தெரியாதா? எங்கிருந்து வந்தது இந்தப் பதினொன்று என்று பழைய பில்களுக்குள் போனேன். மார்ச் தொடங்கி ஜூன் கடைசி வரை, எப்போதும் அதிகம் போகிற முக்கால் இன்ச் எத்தனை விற்றிருந்ததோ ஏறக்குறைய அதே அளவு ஒன்றரை இன்ச்சும் விற்றிருந்தது. எல்லா சைஸும் அலமாரி வரிசைப்படி மேலிருந்து கீழாகத் தீர்ந்திருந்தது.

சரி, தோட்டக்காரர் யாராவது மொத்தமாக வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் பக்கத்துக் கட்டம் கண்ணில் பட்டது. 'திரும்ப வந்தவை' என்ற கட்டம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கிணற்றுமேட்டில் பம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஃபிட்டர் ஓடி வருவார். தண்டு தேய்ந்திருப்பதால் சைஸ் சரியாகத் தெரியாது. அதனால் ஒன்று தேவையென்றால் இரண்டு சைஸில் ஒவ்வொன்று எடுத்துப் போவார். பொருந்தியதைப் போட்டுவிட்டு மற்றதை மறுநாள் கொண்டுவந்து கொடுப்பார். முஜீப் காலத்தில் மூன்று பில்லுக்கு ஒரு ரிட்டர்ன் இருக்கும். நான் வந்த பிறகும் அப்படித்தான். ரிட்டர்ன் வராத மாதமே கிடையாது.

அவர் இறந்த முதல் பத்து நாளில் இரண்டு ரிட்டர்ன் இருந்தது. அதற்குப் பிறகு ஜூன் கடைசி வரைக்கும் அந்தக் கட்டத்தில் வரிசையாகச் சைபர். இருநூற்றுக்கும் மேல் சீல் வெளியே போயிருக்கிறது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இத்தனை பம்புக்கும் முதல் தடவையிலேயே சைஸ் சரியாக அமைந்தது என்றால் என்னால் நம்ப முடியாது.

கடையைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தேன். அண்ணன் கம்பிச் சுருளை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கோணும். ஒளிக்காமச் சொல்லுங்க. நான் இத்தாவுல இருந்தப்போ எங்க கடைக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"வந்தாங்கம்மணி. வராம எங்க போறாங்க? எல்லாம் நோட்டுல எழுதியிருக்குதுங்களே."

"நோட்டுல ரிட்டர்னே இல்லீங்ணா. சீல் வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தர்கூட சைஸ் மாத்த வரலியா?"

அவர் சுருளைத் தராசிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். அறுபது வயது ஆளின் முகம் பரீட்சையில் பிடிபட்ட பையன் முகம் போல ஆகிவிட்டது.

"அதை நான் ரோசனை பண்ணலீங்கம்மணி," என்றார். "நாம கம்பி விக்கறவன். கம்பியை வெட்டிக் குடுத்தா ஆரும் திருப்பிக் கொண்டாரதில்லீங்க."

அவரே சொன்னார்.

"மொதப் பத்து நாள் வந்தாங்க. பாய் போயிட்டாருன்னு தெரிஞ்சதும் நிறுத்திப்போட்டாங்க. சனிக்கெழமையானா உங்க கொளுந்தனார் வந்து கடை முன்னால நிப்பாருங்க. ஒண்ணுமில்லீங்கன்னு எப்படிங்க கையை விரிக்கறது? ஒரு வாரம் நானே காசு போட்டு எடுத்து எழுதிப்போட்டேன். அடுத்த வாரமும் அப்படியே ஆயிப்போச்சு. பொறவு விட முடியலீங்க."

"சரக்கெல்லாம்?"

"மேல லாஃப்டுல இருக்குதுங்க. எரநூத்து இருவத்தொம்பது. ஒண்ணுகூடக் கொறயாதுங்க."

கத்தினேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் உங்களைக் கேட்டனா? நாலு மாசமும் உங்க தயவுல சாப்புட்டிருக்கேன், அது எனக்கே தெரியாம! என்னை என்னன்னு நெனச்சீங்க?" என்று இன்னும் என்னென்னவோ கேட்டேன். கடைசியில், "கோவிச்சுக்காதீங்க கண்ணு. டீ ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

தெருவைக் கடப்பதற்குள் கோபமும் தீர்ந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபோது பழையபடி மரக்கட்டையாக இருந்தேன்.

மணி பன்னிரண்டு. திரையில் 'ஓகே' என்ற பொத்தான் பச்சையாக இருந்தது. அதை அழுத்தினால் டீலர்ஷிப் இருக்கும், கடை இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நான் பெரிய உத்தமி என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. ஆனால் வாங்க ஆளில்லாத சீல் மாதம் ஐம்பத்தெட்டு வந்து இறங்கினால் கோடை முடிவதற்குள் கடை தானாக மூடிக்கொள்ளும். அதைவிட, அந்த நோட்டை நம்பி இங்கே உட்கார்ந்தால் நான் லட்சுமிநாராயணன் அண்ணனின் இரக்கத்துக்கு வாட்ச்மேன். யாருடைய இரக்கமும் கலக்காத எண் வேண்டும் என்று நான்தானே கேட்டேன்.

இருநூற்று இருபத்தொன்பதையும் ரிட்டர்னாகப் போட்டேன். ஒவ்வொரு தேதியாக எடுத்து, எந்த சைஸ் எத்தனை என்று பார்த்து ஏற்றினேன். மார்ச் ஐந்து, இரண்டு சீல். மார்ச் ஆறு, மூன்று சீல். சனிக்கிழமைகளில் மட்டும் அண்ணன் கொஞ்சம் தாராளமாக எழுதியிருந்தார், ஏழு, எட்டு என்று. நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் பதினான்கு. அன்று அஃப்தாப் வீட்டுக்கு இறைச்சியும் எனக்கு வெள்ளைச் சேலையும் வாங்கி வந்தது ஞாபகம் வந்தது. முடிக்கும்போது மணி இரண்டரை ஆகியிருந்தது. மதியம் சாப்பிடவில்லை என்பதே அப்புறம்தான் தெரிந்தது.

நீலக் கோடு மாறிவிட்டது. பிப்ரவரி இருபது வரை மேடும் பள்ளமுமாக வந்த கோடு, மார்ச் முதல் வாரத்தில் தரையைத் தொட்டு, ஜூன் கடைசி வரை தரையோடு தரையாகக் கிடந்தது. இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று தோன்றியது. அந்த நாட்களில் நான் இருந்த மாதிரியே இருந்தது.

இனி அந்த நாட்களை விலக்க வேண்டும். விலக்கினால் காரணம் கேட்கிறது. வேலைநிறுத்தம், மழை வெள்ளம், சாலைப் பணி, மற்றவை. 'மற்றவை' என்று கொடுத்தேன். விவரம் எழுதுக என்று ஒரு கட்டம் வந்தது. 'முஜீப் இல்லை' என்று தட்டினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றது. அந்த நாட்கள் திரையிலிருந்து அப்படியே போய்விட்டன. அவர் கடைசியாகப் போட்ட பில்லும் நான் முதலில் போட்ட பில்லும் அடுத்தடுத்த நாள் போலப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

புதுக் கணிப்பு மாதம் முப்பத்தொன்று.

அஸர் தொழுதுவிட்டு நேராக வந்தான் அஃப்தாப், ஆர்டர் போட்டாயிற்றா என்று பார்க்க. நடந்ததைச் சொன்னேன். எதிர்க்கடையைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் எங்கள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் முடியலே," என்றேன். "என்னோட ஏழு மாசத்துப் பில்லையும் பாக்கப்போறேன். ரிட்டர்னே குடுக்காத ஆளுங்க இதுல எத்தனை பேருன்னு."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் முதல் பில்லைத் திறப்பதற்குள், "அண்ணி," என்றான்.

"என்ன?"

"என் கட்டிலுக்கடியில அறுபத்து நாலு சீல் இருக்குதுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என் கடை ஆளுங்களை மாத்தி மாத்தி அனுப்பி வாங்கினேனுங்க. எல்லாம் முக்கால் இன்ச்சுதான். எனக்கு அந்த ஒரு சைஸ்தான் தெரியும். வீட்டுல உஸ்மா தெனமும் திட்டறா. கூட்டும்போது வெளக்குமாத்துல இடிக்குதாம்."

சில செவ்வாய்க்கிழமைகளில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்து, பேரமே பேசாமல் இரண்டு சீல் வாங்கிப் போகிற ஒருவர் இருந்தார். இவ்வளவு மரியாதையான வாடிக்கையாளர் முஜீப் காலத்தில்கூட இல்லையே என்று நான் ஒரு நாள் நினைத்திருக்கிறேன். அந்த ஏழு மாதத்தில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அது. அவர் இவனுடைய டெய்லர்.

திட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. அறுபத்து நாலையும் ரிட்டர்னில் போட்டேன். அவன் தேதிகளை ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கணிப்பு இருபத்திரண்டாக இறங்கியது.

"இதுல வேற யாரும் இல்லையே?"

"அல்லா மேல சத்தியமா இல்லீங்கண்ணி. மிச்சமெல்லாம் அவங்களா வந்து வாங்குனது."

மாதம் இருபத்திரண்டு பேர். அவர் இருந்தபோது எழுபது. நான் சொன்ன ஐம்பதுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மணி நாலே முக்கால்.

"சொன்னா சொன்னதுதான்," என்றேன். "மொபைல் கவர்க்காரங்களுக்கு ஃபோன் போடு. ஒண்ணாந்தேதியிலிருந்து எடுத்துக்கச் சொல்லு."

அவன் ஃபோனைக் கையில் எடுத்தான். எண்ணைத் தேடுவது போல விரலால் தள்ளிக்கொண்டே இருந்தான். நான் சாஃப்ட்வேரை மூடப் போனேன். மூட முடியாது. ஆர்டர் வேண்டாம் என்றாலும் கடைசிப் பக்கம் வரை போய்த்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று ஹர்ஷா சொல்லியிருந்தாள். அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அதில் சீசன் தேவை எண்பத்தெட்டு என்று இருந்தது. நாலு மாதத்துக்கு, இருபத்திரண்டு வீதம். கையிருப்பு முந்நூற்று இருபத்தொன்று. ரிட்டர்ன் போட்டதெல்லாம் என் கையில் இருப்பதாகச் சேர்த்துக்கொண்டிருந்தது, அலமாரியில் மிச்சம் இருந்த இருபத்தெட்டோடு. ஆர்டர் செய்ய வேண்டியது என்ற இடத்தில் சைபர்.

"அண்ணி," அஃப்தாப் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். "அம்பதுங்கறது அவங்ககிட்ட வாங்கறதுக்குத்தானுங்களே? நாம எதுக்கு வாங்கோணும்? டீலர்ஷிப் போனாப் போகட்டும். லாஃப்டுல இருக்கறதும் கட்டிலுக்கடியில இருக்கறதும் வந்துச்சுன்னா இந்த சீசன் தாண்டிப் போயிருமே. எதிர்க்கடை அண்ணன்கிட்ட நான் பேசறேன்."

"நீ பேச வேண்டாம். நான்தான் கேக்கணும்," என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, கடையைக் கொடுக்கப் போவதில்லை என்று நான் தீர்மானித்துவிட்டேன். இருபத்திரண்டு பேர் அவர்களாகவே வருகிறார்கள். யாரும் அனுப்பாமல், கிணற்றுமேட்டிலிருந்து நேராக என்னிடம் வருகிறார்கள்.

அஃப்தாப் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தான். கண்ணாடியை எடுத்து வந்திருக்கவில்லை. "கீழ என்னமோ எழுதியிருக்குதுங்களே, என்னங்கண்ணி அது?"

சைபருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அவனுக்காக வாய்விட்டுப் படித்தேன்.

"தேவையான அனைத்தும் கையிருப்பில்..."

அதற்குமேல் குரல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். தேவையான அனைத்தும் என்பதிலேயே நின்றுவிட்டது. எனக்குத் தேவையானது இந்தக் கடையில் எந்த அலமாரியிலும் இல்லை. முஜீப் வேண்டும். எனக்கு முஜீப் வேண்டும். பதினோரு மாதமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. வலித்தது.

அஃப்தாப் பயந்துவிட்டான். என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னங்கண்ணி? தப்பாக் காட்டுதுங்களா?"

"இல்ல. சரியாத்தான் காட்டுது," என்று சொல்லிவிட்டு, பில் போடும் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி அழுதேன். எதிர்க்கடையில் எதுவோ கீழே விழும் சத்தம் கேட்டது. லட்சுமிநாராயணன் அண்ணன் கம்பியைப் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடி வந்துகொண்டிருந்தார். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.